மூழ்கி எழும் ரோபோ மீன்: வாலுக்கு முன் எடையைப் பாருங்கள்

ரோபோ மீன் செய்ய உட்காரும் பலரும் முதலில் வாலைத்தான் செய்கிறார்கள். வால் ஆடுவதைப் பார்க்கும் ஆசை அப்படி. ஆனால் தொட்டியில் விட்டதும் அந்த மீன் மேலேயே மிதந்து வாலால் காற்றை அடிக்கும். இல்லையென்றால் தலைகுப்புறப் போய் அடித்தரையில் முட்டி நிற்கும். மூழ்கி எழ வேண்டிய மீனுக்கு எடைக் கணக்குதான் முதல் வேலை. வால் கடைசியில் வரட்டும்.

ஆழத்தை மாற்ற மூன்று வழிகள் உண்டு. எலும்பு மீன்கள் பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையைக் கொண்டு சமாளிக்கின்றன. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த ஈரலும் விரிந்த மார்புத் துடுப்புகளும் அதைத் தாங்குகின்றன, ஆனால் துடுப்பு தாங்க வேண்டுமானால் சுறா நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றாவது வழி மனிதர் யோசித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2021இல் வெளியான புளூபாட், சுமார் 13 செ.மீ. நீளமே உள்ள ரோபோ மீன். அது தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசாக இருக்கும்படி செய்யப்பட்டது. கீழே போக முதுகுத் துடுப்பை அடிக்கும். துடுப்பை நிறுத்தினால் தானே மேலே வந்துவிடும். 2018இல் வெளியான எம்ஐடியின் ரோபோ மீன் சோஃபி, ஃபிஜித் தீவுப் பவளப்பாறைகளுக்கிடையே 15 மீட்டருக்கும் கீழே நீந்தியது. அதில் மிதப்பை மாற்றும் அமைப்பும் பக்கத் துடுப்புகளும் சேர்ந்து வேலை செய்தன.

வீட்டில் முதல் மீன் செய்பவருக்கு நான் சொல்வது காற்றுப்பை வழி. நகராமலே ஓர் ஆழத்தில் நிற்க அதுதான் கைகொடுக்கும். 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும்: அது தண்ணீரை உள்ளே இழுத்தால் மீன் இறங்கும், வெளியேற்றினால் ஏறும்.

உடல்

63 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாயில் 20 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 620 மி.லி. தண்ணீரை விலக்கும். அப்படியானால் உள்ளே வைக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மீனின் எடை 620 கிராமுக்கு வந்தால்தான் அது மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கும். மூடி, வால், துடுப்பு ஆகியவையும் தண்ணீரை விலக்கும் என்பதால் இந்த எண் கொஞ்சம் கூடும். 3டி பிரிண்டரில் உடலை அச்சிடுபவர்கள் அதன் மேல் எபாக்சி பூசியே ஆக வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் தண்ணீர் கசியும்.

முன்மூடியில் துளையிட்டு, சிரிஞ்சின் வாய் தண்ணீரைப் பார்க்கும்படி எபாக்சியால் ஒட்டுங்கள். பின்மூடி கழற்றி மாட்டக்கூடியதாக, ஓ-ரிங்குடன் இருக்கட்டும். பேட்டரியை மாற்ற வேறு வழியில்லை.

சிரிஞ்ச்

சிரிஞ்சின் தண்டை நேரடியாக சர்வோ மோட்டாரோடு இணைக்காதீர்கள். 3 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் கூடுதல் அழுத்தம் சுமார் 0.3 பார். 20 மி.லி. சிரிஞ்சின் உள்பரப்பு ஏறக்குறைய 3 சதுர செ.மீ. எனவே தண்ணீர் கிட்டத்தட்ட 9 நியூட்டன், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையின் விசையோடு பிஸ்டனை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ரப்பரின் உராய்வு இதற்கு மேல். சர்வோ அதைத் தாங்கி நிற்க ஓயாமல் மின்சாரம் குடிக்கும். இங்கே என்20 கியர் மோட்டாரோடு ஒரு மரையாணியும் நட்டும்தான் பொருத்தம். மோட்டார் நின்றதும் மரை தானே பூட்டிக்கொள்ளும். ஆழத்தில் காத்திருக்கும்போது பேட்டரிக்கு அந்தச் செலவு இல்லை. வேகம் குறைவுதான், அந்தக் குறையை நான் மனதார ஏற்றுக்கொள்வேன். பிஸ்டனின் இரு எல்லைகளிலும் ஒவ்வொரு லிமிட் ஸ்விட்ச் வையுங்கள். ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வாசலின் வேண்டாம், ரப்பர் உப்பிப் போகும்.

பிஸ்டன் நடுவில் இருக்கும்போது மீன் சமநிலையில் இருந்தால், இரு பக்கமும் 10 கிராம் வித்தியாசம் கைவசம் இருக்கும். குறைவாகத் தோன்றும், ஆனால் இந்த அளவு மீன் ஒரு மீட்டர் இறங்கப் பத்து விநாடிக்குள்தான் ஆகும்.

சிரிஞ்ச் மூக்கில் இருப்பதற்கும் காரணம் உண்டு. நடுப்புள்ளியிலிருந்து 7 செ.மீ. முன்னால் 10 கிராம் தண்ணீர் ஏறினால் மூக்கு தானே தாழும். எவ்வளவு தாழும் என்பதை எடை மையமும் மிதப்பு மையமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தீர்மானிக்கும். எடை மையம் 1 செ.மீ. கீழே இருந்தால் ஆறரை டிகிரி சாயும், அரை செ.மீ. என்றால் 13 டிகிரி. பேட்டரியை அடியில் வைத்து ஈயக்குண்டுகளை ஏற்றி இறக்கி இந்த இடைவெளியைச் சரிசெய்யலாம். எடை மையம் மேலே போய்விட்டால் மீன் வயிற்றைக் காட்டிப் புரண்டுவிடும்.

கசிவு

மின்பொருள் எதையும் உள்ளே வைப்பதற்கு முன் காலிக் குழாயில் டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, கல்லைக் கட்டி ஒரு டிரம்மில் இரவு முழுக்க மூழ்கவிடுங்கள். காலையில் தாளில் ஈரத்தின் சுவடு இருந்தாலும் மறுபடி அடையுங்கள்.

பலர் கவனிக்காத வழி ஒன்று இருக்கிறது. பல இழைகள் கொண்ட மின்கம்பிக்குள், உறைக்கும் செம்பு இழைகளுக்கும் நடுவே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தண்ணீர் ஏறும். கம்பி உடலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு செ.மீ. உறையை உரித்து, இழைகளுக்கு ஈயம் பற்றவைத்து, அந்த இடத்தை எபாக்சிக்குள் புதைத்தால் இந்த வழி அடைபடும்.

எடை சமன்

எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிய பிறகு, வாளியில் விட்டுப் பாருங்கள். பிஸ்டனை நடுவில் நிறுத்தி, முதுகு மட்டும் தண்ணீர் மட்டத்தைத் தொடும் வரை ஈயம் சேர்த்து, பிறகு ஒவ்வொரு கிராமாகக் கூட்டுங்கள். உடலில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைக் கையால் தடவி விடுங்கள்; சில குமிழிகளே ஒரு கிராமைப் பொய்யாக்கும். நல்ல தண்ணீரில் சமன்செய்த மீன் கடலில் மூழ்காது. கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது என்பதால் இந்த மீனுக்கு இன்னும் 15 கிராம் ஈயம் தேவைப்படும். சிரிஞ்சின் 10 கிராம் அதற்கு எட்டாது.

ஆழம் அறிதல்

எம்எஸ்5837 அழுத்த உணரியின் முகம் தண்ணீரில் படும்படி பொருத்துங்கள். 2 மி.மீ. ஆழ வித்தியாசத்தைக்கூட அது காட்டும். ஆர்டுயினோவில் நிரல் எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: பிஸ்டன் மெதுவானது, மீனோ இறங்கத் தொடங்கினால் நிற்காது. குறித்த ஆழத்தை எட்டிய பிறகு தண்ணீரை வெளியேற்றத் தொடங்கினால் மீன் வெகுவாகத் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். ஆழத்தோடு இறங்கும் வேகத்தையும் கணக்கில் எடுத்து, நெருங்கும்போதே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இலக்குக்கு மேலும் கீழும் 5 செ.மீ. வரை மோட்டார் அசையாமல் இருக்கட்டும்.

ரிமோட் கண்ட்ரோலை நம்ப வேண்டாம். வைஃபை, புளூடூத் அலைகளைத் தண்ணீர் சில சாண் தூரத்திலேயே விழுங்கிவிடும். சோஃபிக்கு ஒலி வழியாகக் கட்டளை கொடுத்தது இதனால்தான். நமக்கு முன்கூட்டியே எழுதிய நிரலும், உடலுக்குள் ஒரு ரீட் ஸ்விட்சும் போதும். வெளியே காந்தத்தைக் காட்டினால் மீன் வேலையைத் தொடங்கும். பேட்டரி இறங்கினாலோ ஐந்து நிமிடம் கடந்தாலோ தண்ணீரை முழுதும் வெளியேற்றிவிட்டு மேலே வரும்படி நிரலின் முதல் வரிகளிலேயே எழுதிவிடுங்கள்.

வால்

இப்போது வால். தண்ணீர் புகாத சர்வோ ஒன்று, பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வெட்டிய துடுப்பு ஒன்று. விநாடிக்கு அடிக்கும் எண்ணிக்கையை வீச்சின் அகலத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால், நன்றாக நீந்தும் மீன்களில் 0.2க்கும் 0.4க்கும் இடையே வரும். 5 செ.மீ. வீச்சில் விநாடிக்கு இரண்டு முறை அடித்தும் உங்கள் மீன் விநாடிக்கு 10 செ.மீ. மட்டுமே போனால் விடை 1 வருகிறது. துடுப்பு அதிக விறைப்பா, அதிகத் தொளதொளப்பா என்று மாற்றி மாற்றி வெட்டிப் பாருங்கள்.

முதல் முறை குளத்தில் இறக்கும்போது வாலை நிறுத்தியே வையுங்கள். முதுகில் தூண்டில் நரம்பைத் தளர்வாகக் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நின்று, தானே மேலே வந்தால், வாலுக்கான வரிகளை அன்றைக்கே சேர்க்கலாம்.