இரண்டு வாரம் தாண்டிய இருமல்



போன கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஒரு அக்கா இருமிக்கொண்டே இருந்தார். "எத்தனை நாளா அக்கா?" என்று கேட்டோம். "பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து. மெடிக்கல்ல டானிக் வாங்கிக் குடிக்கிறேன், அடங்க மாட்டேங்குது" என்றார். அதனால்தான் இந்த மாதம் நுரையீரல் புற்றுநோய் பற்றிப் பேசுகிறோம்.

"பீடி குடிக்கிறது ஆம்பிளைங்க, நமக்கு ஏன் வரப்போகுது?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பீடி, சிகரெட்தான் முதல் காரணம். ஆனால் அந்தப் புகையைப் பக்கத்தில் இருந்து சுவாசிக்கிறவருக்கும் வரலாம். விறகடுப்புப் புகையின் மீதும் மருத்துவர்களுக்குச் சந்தேகம் உண்டு. புகையிலையே தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது.

நுரையீரலுக்குள் வலி தெரியாது. கட்டி சத்தமில்லாமல் வளரும். இருமல், எடை குறைவது, சளியில் ரத்தம் எல்லாம் காச நோய்க்கும் பொது. எக்ஸ்ரேயிலும் இரண்டும் ஒரே மாதிரி நிழலாகத் தெரியலாம். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை. காச நோய் இல்லை என்று வந்தும் இருமல் நிற்கவில்லையா, அல்லது காச நோய் மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியவில்லையா? "சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் விலா எலும்பும் இதயமும் சின்னக் கட்டியை மறைத்துவிடும். சி.டி. ஸ்கேன், முள்ளங்கியை வட்டம் வட்டமாக நறுக்கிப் பார்ப்பது போல நெஞ்சைக் காட்டும். இப்போது குறைந்த கதிர்வீச்சு சி.டி. வந்திருக்கிறது. ஊசி இல்லை, சில வினாடி மூச்சை அடக்கினால் போதும். அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுள்ள, அதிகம் புகைத்த 53,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு.

ஆனால் ஸ்கேனில் தெரிந்த புள்ளிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. நம் பக்கம் பழைய காச நோய்த் தழும்பும் புள்ளியாகத் தெரியும். அதனால் நோய்க்குறி இல்லாத எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. பல வருடம் பீடி குடித்த, 50 வயது தாண்டிய வீட்டுக்காரருக்கு வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். புள்ளி சந்தேகமாக இருந்தால் குழாய் விட்டோ ஊசியாலோ துளி சதை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்வார்கள்.

ரத்தத்தில் கட்டியின் மரபணுத் துணுக்கைத் தேடும் சோதனையும் இருக்கிறது. இன்றைக்கு அது பெரும்பாலும் நோய் உறுதியானவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கத்தான். "ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும் தெரியும்" என்று யாராவது வந்தால், அதற்காகக் குழுவில் கடன் கேட்காதீர்கள்!

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்க வேண்டாம். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். புள்ளி புதுசா, பழசா என்று அதை வைத்துத்தான் டாக்டர் ஒப்பிடுவார்.

அந்த அக்காவுக்குச் சளியில் காச நோய் இல்லை. எக்ஸ்ரேயில் ஒரு நிழல் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை ஸ்கேன். இந்த மாதத் தவணையைத் தள்ளி வைத்திருக்கிறோம், கூட இரண்டு பேர் போகிறோம். அவருடைய பழைய எக்ஸ்ரேயும் பரண் மேல் கிடைத்துவிட்டது.