முகவையைப் பற்றி அறிவோம்

நம் அறிவியல் அறை அலமாரியில் போன மாதம் வரை ஐந்து முகவைகள் இருந்தன. இப்போது நான்குதான். ஐந்தாவதை உடைத்தது நான். அதனால் இந்த வாரம் முகவையைப் பற்றி நானே எழுதுகிறேன் என்று டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முகவை என்றால் பீக்கர். அடி தட்டையாக, வாய் அகலமாக, ஒரு பக்கம் மூக்கு வைத்த மாதிரி இருக்கும். கரைக்க, கலக்க, சூடாக்க, வடிகட்டின நீரைப் பிடிக்க எல்லாத்துக்கும் இதுதான். அந்த மூக்கு அழகுக்கு இல்லை. கண்ணாடிக் கோலை அதில் சாய்த்து ஊற்றினால் வெளிப்பக்கம் வழியாது.

பக்கத்தில் 50, 100, 150 என்று கோடு இருக்கும். அதை நம்பி அளக்காதீங்க! நான் 100 கோடு வரை தண்ணீர் எடுத்து அளவு ஜாடியில் ஊற்றினேன். 96 மில்லிதான் வந்தது. முகவைக் கோட்டில் நூற்றுக்கு 5 வரை கூடக் குறைய இருக்கலாமாம். அளக்க வேண்டுமென்றால் அளவு ஜாடிதான்.

இனி உடைந்த கதை. உப்புக் கரைசல் கொதித்ததும் துணியால் பிடித்து இறக்கி, கழுவின ஈர மேடையில் வைத்தேன். 'டிக்'னு ஒரு சத்தம். அடி தனியா, சுவர் தனியா! நல்லவேளை யார் மேலும் படவில்லை.

கண்ணாடி வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. ஈரம் பட்ட வெளிப்பக்கம் உடனே குளிர்ந்து சுருங்கும். உள்பக்கம் சூட்டில் விரிந்தபடியே இருக்கும். இந்த இழுபறியில்தான் விரிசல் விடுகிறது.

இதற்காகவே போரான் சேர்த்த போரோசிலிகேட் கண்ணாடி உண்டு. 1880களில் ஜெர்மனியில் ஆட்டோ ஷாட் என்பவர் உருவாக்கியது. சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அதனால் சூட்டைத் தாங்கும். ஆனாலும் அதையும் ஈரத்தில் வைக்கக் கூடாது. காய்ந்த பலகை மேல் வையுங்கள்.

நான் உடைத்தது சாதாரணக் கண்ணாடி. மிச்சமுள்ள நான்கில் இரண்டில்தான் போரோசிலிகேட் என்று எழுதியிருக்கு. எழுத்து இல்லாத இரண்டையும் கரைக்க, கலக்க மட்டும் எடுங்க, விளக்கு மேல் ஏற்றாதீங்க. அடையாளம் தெரிய டீச்சரிடம் கேட்டு, அந்த இரண்டிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.