நோய்க்கும் ஒரு முறை வேணும், தங்கச்சி

நம்ம சொந்தபந்தத்துல நல்லதுக்கு முறை இருக்கு. காதுகுத்துன்னா தாய்மாமன் மடி, சடங்குன்னா தாய்மாமன் சீர், வளைகாப்புன்னா பிறந்த வீட்டுச் சாப்பாடு. சாவுக்கும் முறை இருக்கு. யார் யாருக்குச் சொல்லி அனுப்பணும், யார் கோடி போடணும், அடுப்பு எரியாத வீட்டுக்கு எந்தச் சம்பந்தி வீட்டுலேர்ந்து சாப்பாடு வரணும், எல்லாமே தெரியும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல வர்ற நோய்க்குத்தான் நம்மகிட்ட ஒரு முறையும் இல்ல. அப்பாவுக்குப் பக்கவாதம், அத்தைக்குப் புற்றுநோய், அண்ணனுக்கு விபத்துன்னா சொந்தக்காரங்க பதறி ஓடி வர்றாங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்கிறாங்க. "எதுன்னாலும் சொல்லும்மா"ன்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுக் கிளம்பிடுறாங்க. அவங்க மேல தப்பு சொல்லமாட்டேன். அவங்க சொல்றது உண்மைதான். ஆனா இந்த இடத்துல என்ன செய்யணும்னு வழக்கம் அவங்களுக்குச் சொல்லித் தரல. அதனால அந்த வழக்கத்தை நம்ம வீட்டுல நாமளே உண்டாக்கணும். எப்படின்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கூட இருக்கிறவளைக் கவனி

முதல்ல சொல்ல வேண்டியதும், நிறையச் சொல்ல வேண்டியதும் இதுதான். படுத்திருக்கிறவங்களைப் பார்க்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கிறவளைப் பார்க்க யாரும் இல்ல. அவ குளிச்சாளா, தூங்கினாளா, அவளுக்கு மாதவிலக்கு நாளா, அவ பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போச்சா, யாருக்கும் தெரியாது. பெண்கள் வார்டுல ராத்திரி பெண் துணையைத்தான் விடுவாங்க. அதனால அம்மாவோ மாமியாரோ படுத்தா, ராத்திரி முழுக்க மகள் தலையிலயோ மருமகள் தலையிலயோதான் விழும்.

நீ பார்க்கப் போறேன்னா அவளுக்காகப் போ. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, "நான் நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வர்றேன், சாயங்காலம் வரைக்கும் இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வா"ன்னு நாளையும் நேரத்தையும் சொல்லு. "வரட்டுமா?"ன்னு கேட்டா, "பரவாயில்ல, நான் பார்த்துக்கறேன்"னுதான் பதில் வரும். நம்ம பொண்ணுங்க அப்படித்தான் வளர்ந்திருக்காங்க. கையில எடுத்துட்டுப் போக வேண்டியதும் அவளுக்குத்தான்: ஃபிளாஸ்க்ல காபி, ரெண்டு வேளைக்குக் கெடாத புளிச்சோறு, துவைச்ச நைட்டி, பாய், போர்வை, நீளமான ஒயர் வச்ச சார்ஜர், நாப்கின், மருந்துக்கடைக்குச் சில்லறை.

தம்பி, நீயும் இதைப் படிச்சா கேட்டுக்கோ. வார்டுக்குள்ள ராத்திரி உன்னை விடமாட்டாங்கங்கிறதால உன் வேலை முடிஞ்சுடாது. ஸ்கேன் எடுக்க வரிசையில நிக்கிறது, ரிசல்ட் வாங்குறது, வீட்டுல சமைச்சு டிபன் கேரியர் கொண்டு வர்றது, குழந்தைங்களுக்குத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்புறது எல்லாம் உனக்கு இருக்கு. வீட்டு அடுப்பு எரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரிக்குச் சோறு வரும்.

ஒருத்தர் பேசட்டும்

டாக்டர்கிட்ட பேச ஒரே ஆளை வச்சுக்கோங்க. ரவுண்ட்ஸ் வர்ற நேரத்துல அவர் அங்க இருக்கணும். கேக்க வேண்டியதை முதல் நாள் ராத்திரியே சீட்டுல எழுதி வச்சுக்கணும்: இது என்ன நோய், இன்னும் என்ன டெஸ்ட் பாக்கி, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவு ஆகும். தகவல் சொல்ல இன்னொருத்தர் இருக்கட்டும். சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும். பக்கத்துல இருக்கிறவ, வர்ற ஒவ்வொரு போனுக்கும் அதே கதையை முதல்லேர்ந்து சொல்லிட்டிருக்க வேண்டியதில்ல.

ஆஸ்பத்திரிக்கும் மொய் வை

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போடுவாங்க, வந்தவங்க சாப்பிட்டு மொய் எழுதிட்டுப் போவாங்க. வட்டி கிடையாது. எழுதினவர் விருந்து வைக்கும்போது வாங்கினவர் கொஞ்சம் கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்யணும். அந்தப் பணத்துல கிணறு வெட்டினவங்க, கடை வச்சவங்க, பிள்ளையைப் படிக்க வச்சவங்க எல்லாம் உண்டு. மதுரைப் பக்கம் செய்முறைன்னு சொல்றதுலயும் இதே கைமாத்துதான் இருக்கு.

இதோட பலமே மொய் எழுதுற நோட்டுதான்னு நான் நினைக்கிறேன். எழுதி வாங்குறதால வாங்குறவங்க தலை குனிய வேண்டியதில்ல. நாளைக்குத் திருப்பிச் செய்வோம்கிற நிமிர்வோட வாங்குவாங்க. அதே நோட்டை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடாது? ஆப்பிள் வாங்குற காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கவர்ல போட்டு, பேர் எழுதி, பணத்தைப் பார்த்துக்கிறவர் கையில கொடு. "மொய்தான், எழுதிக்கோ"ன்னு சொல்லிக் கொடு. ஐநூறு ரூபாயா இருந்தாலும் அன்னைக்கு ஆட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் அது ஆகும்.

பழம் வாங்கித்தான் ஆகணும்னா, என்ன நோய்னு கேட்டுட்டு வாங்கு. சர்க்கரை உள்ளவங்களுக்குச் சத்துமாவுப் பாட்டில் பல சமயம் ஆகாது. சிறுநீரகம் பழுதானவங்களுக்கு இளநீர் ஆபத்து. அதுல பொட்டாசியம் அதிகம், அந்த உடம்பால அதை வெளியேத்த முடியாது. அன்பா வாங்கிட்டுப் போற பொருள்தான், ஆனா அதைக் கொடுக்கலாமான்னு நர்ஸ்கிட்ட கேட்டுட்டுக் கொடு.

பெரிய தொகைன்னா வேற மாதிரி. கூடப் பிறந்தவங்களுக்குள்ள கொடுக்கும்போதே, இது கடனா, சும்மா கொடுக்கிறதான்னு சொல்லிடு. நோட்டுல ரெண்டு பேரும் எழுதி வச்சுக்கோங்க. அண்ணன் எவ்வளவு போட்டார், தங்கச்சி எவ்வளவு போட்டாங்கிறது ஆஸ்பத்திரி முடிஞ்சு சொத்துப் பேச்சு வரும்போதுதான் சண்டையா வெடிக்கும்.

நகை கொடுக்கிறதைப் பத்தித் தனியாச் சொல்லணும். அவசரத்துக்குத் தங்கச்சி சங்கிலியைக் கழட்டிக் கொடுக்கிறது நம்ம வீடுகள்ல சாதாரணம். கொடு, நல்ல மனசோட கொடு. ஆனா நகையை அவங்க கையில கொடுத்து அவங்க பேர்ல அடகு வைக்க விடாதே. நீயே பேங்குக்குப் போய் உன் பேர்ல வச்சு, வந்த பணத்தை அவங்களுக்குக் கொடு. சீட்டு உன்கிட்ட இருக்கட்டும். வட்டியை யார் கட்டுறது, எப்போ மீட்குறதுன்னு அன்னைக்கே பேசிடு. உன் வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சு நடக்கட்டும். ஒளிச்சுச் செஞ்ச உதவி பின்னாடி ரெண்டு வீட்டையும் கெடுக்கும்.

காகிதம் தயாரா இருக்கட்டும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை உண்டு. பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் எடுக்கலாம். இதுல நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ரேஷன் கார்டு. அம்மா மூத்தவன் வீட்டுல இருப்பாங்க, பேர் இளையவன் கார்டுல இருக்கும். அவங்க பேர் எந்தக் கார்டுல இருக்கோ அந்தக் குடும்பத்தோட காப்பீட்டுலதான் அவங்களுக்கு இடம். அதனால அம்மா, அப்பா பேர் எங்க இருக்குன்னு நல்லா இருக்கும்போதே பாரு. காப்பீட்டு அட்டை எடுக்கலைன்னா வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மையத்துக்குப் போ. பழைய மருந்துச் சீட்டு, டெஸ்ட் ரிசல்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வை. ஃபைல் எங்க இருக்குன்னு வீட்டுல ரெண்டு பேருக்காவது தெரியணும்.

ரத்தம்

குடும்பத்துல எல்லாரோட ரத்த வகையையும் ஒரு தாள்ல எழுதி வை. 18 வயசுலேர்ந்து 65 வரைக்கும், குறைஞ்சது 45 கிலோ எடை இருந்து உடம்பு நல்லா இருக்கிறவங்க கொடுக்கலாம். ஆம்பளைங்க 3 மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க 4 மாசத்துக்கு ஒரு தடவை. "என் பிள்ளை ரத்தத்தைத்தான் எனக்கு ஏத்தணும்"னு சில பெரியவங்க பிடிவாதம் பிடிப்பாங்க. பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க ரத்தத்தை நேரடியா ஏத்தும்போது அபூர்வமா ஒரு கடுமையான எதிர்வினை வர வாய்ப்பிருக்கு. அதனால டாக்டர்ங்க பொதுவா அதை விரும்பறதில்ல. பிள்ளை ரத்த வங்கியில கொடுக்கட்டும், அது வேற யாருக்கோ போகட்டும். வேற யாரோ கொடுத்தது நம்ம அப்பாவுக்கு வரட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் கூட்டம் கலைஞ்சுடும். உண்மையில உறவு வேண்டிய காலம் அப்போதான் ஆரம்பிக்குது. பக்கவாதம் வந்து படுத்திருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகுல புண் வந்துடும். ராத்திரியிலயும்தான். ஒருத்தியால இதை மாசக்கணக்குல செய்ய முடியாது. அவளால முடியலைன்னா அது அவ குணக்கேடும் இல்ல.

வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற அண்ணன் அக்காவுக்கு நான் சொல்றது இது. வீடியோ கால்ல வந்து "ஏன் இளைச்சுட்டாங்க, ஏன் வேற டாக்டர்கிட்ட காட்டல"ன்னு கேக்காதீங்க. மாத மருந்துச் செலவை நீங்க எடுத்துக்கோங்க. பகல்ல ஒரு ஆள் வச்சா அந்தச் சம்பளத்தைக் கொடுங்க. லீவுல வரும்போது விருந்தாளியா வராதீங்க, ராத்திரி முறையை வாங்கிக்கோங்க. பார்த்துக்கிறவ வேலையை விட்டிருந்தா, அவ கைச்செலவுக்குன்னு மாசாமாசம் அவ பேர்லயே பணம் போடுங்க. அதை அவ கேக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க.

நாத்தனாருங்களுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை வரைக்கும் உங்க அம்மாவை நீங்க பார்த்துக்கிட்டு, அண்ணியை அவ பிறந்த வீட்டுக்கு அனுப்பி வையுங்க. இதைச் செய்யுற வீடுகள்ல மாமியார் கடைசி வரைக்கும் மரியாதையோட இருக்கிறதைப் பார்த்திருக்கேன்.

அரசாங்கத்துலயும் வழி இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வர்றாங்க. படுக்கையில இருக்கிறவங்களுக்கு வீட்டுலயே இயன்முறைப் பயிற்சியும் வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லிப் பேரைப் பதிவு பண்ணு.

பிள்ளை இல்லாத சித்தி, கல்யாணம் ஆகாத அத்தை

இவங்களை யார் பார்க்கிறதுன்னு எந்தக் குடும்பத்துலயும் வாய் திறந்து பேசறதில்ல. நம்மைத் தூக்கி வளர்த்தவங்க, ஆனா யார் கணக்குலயும் வரமாட்டாங்க. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இவங்களை மறக்கல. 60 வயசான, பிள்ளை இல்லாத ஒருத்தர், தன்னோட சொத்தை வச்சிருக்கிற அல்லது அடையப் போற வாரிசு உறவினர்கிட்ட பராமரிப்பு கேக்கலாம். கோட்டாட்சியர் தலைமையில இருக்கிற தீர்ப்பாயத்துல மனு கொடுத்தா போதும். அந்த நிலைமைக்கு அவங்களை விடக்கூடாதுங்கிறது என் எண்ணம். சித்தி வீடு யாருக்குப் போகும்னு பேசற நாள்லயே, சித்தி எந்த வீட்டுல இருப்பாங்கன்னும் பேசிடுங்க.

பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி

நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்தக் கெட்டதுல நோயையும் சேர்த்துக்கோ. வரப்புத் தகராறு, கல்யாணத்துல கூப்பிடாத கோபம், எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசல்ல அதைப் பேசாதே. போ, பக்கத்துல உக்காரு, "சாப்பிட்டீங்களா அண்ணே"ன்னு கேளு. சாவுக்குப் போய் மாலை போடுறதை விட, உயிரோட இருக்கும்போது முகம் காட்டுறது மேல்.

இவ்வளவும் யாருக்காவது முடியாமப் போன பிறகு உக்காந்து பேசற விஷயம் இல்ல. அப்போ யாருக்கும் புத்தி வேலை செய்யாது. இந்த ஞாயித்துக்கிழமையே கூடப் பிறந்தவங்க எல்லாருக்கும் போன் போடு. அம்மா பேர் எந்த ரேஷன் கார்டுல இருக்கு, யாருக்கு என்ன ரத்த வகை, ராத்திரி யார் இருப்பாங்க, பணத்தை யார் பார்ப்பாங்க, குழந்தைங்களை யார் வீட்டுல விடறதுன்னு பேசி, ஒரு நோட்டுல எழுதி வைங்க.