புயல் ஓய்ந்ததும் முதலில் யாரைத் தேடுவது? யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு ஒரு வழிகாட்டி

காற்று அடங்கிய மறுகணமே ரொறன்ரோவில் மகள், பாரிசில் தம்பி, கொழும்பில் மருமகன் என்று எல்லாரும் தீவில் இருக்கும் ஒரே அம்மாவுக்கு அடிக்கத் தொடங்குவார்கள். அம்மாவின் போனில் சார்ஜ் அரைவாசிதான் இருக்கும், கரண்டும் இருக்காது. நாலாவது அழைப்போடு போன் செத்துவிடும். அதற்குப் பிறகு அழைப்பவர்கள், போன் வேலை செய்யவில்லை என்பதையே அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கிழக்குக் கரையால் ஏறி வடக்கு நோக்கி நகர்ந்தது. இலங்கை முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்து மண்சரிவுதான் பெருந்தொகையானோரைக் கொண்டுபோனது. வடக்கில் வெள்ளம். 2024 நவம்பரில் பெங்கல், 2020 டிசம்பரில் புரெவி, 2008 நவம்பரில் நிஷா என்று மாரிகாலம் தோறும் ஏதோ ஒரு பெயர் வந்துகொண்டே இருக்கிறது. நம்முடைய கடல் எதைச் செய்யக்கூடியது என்பதை 1964 டிசம்பர் 22 இரவு காட்டியது. வவுனியா வழியாக இலங்கையைக் கடந்த அந்தப் புயல்தான் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் ஆட்களோடு கடலுக்குள் இழுத்தது. நெடுந்தீவுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருப்பது பாக்கு நீரிணையின் ஒரு துண்டு மட்டுமே.

ஆகவே அடுத்த முறை என்ன செய்வது என்பதை இப்போதே வரிசைப்படுத்தி வைப்போம். முதல் ஆறு மணித்தியாலத்தில் செய்வதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மனிதர்கள் தவறிப்போவது அப்போதுதான்.

1. குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் அழைக்கட்டும்

வெளியில் இருக்கும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்யட்டும். அவர் மட்டும் தீவுக்கு அழைப்பார், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்வார்கள். சிக்னல் மெலிந்திருக்கும்போது அழைப்பு போகாத இடத்துக்கும் குறுஞ்செய்தி போகும். அதனால் முதலில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும், அது நம் பெரியவர்களின் வழக்கம். கேள்வியைத் திட்டமாகக் கேளுங்கள்: எந்த வீட்டில் நிற்கிறீங்கள், கூட யார், கூரை இருக்கா, குடிக்கத் தண்ணீர் எத்தனை நாளுக்கு, குளிசை எத்தனை நாளுக்கு?

பதில் வராவிட்டால் பதறாமல் அடுத்த வளையத்துக்குப் போங்கள். அயலில் வேறு கம்பனி சிம் வைத்திருப்பவர், சந்திக் கடைக்காரர், கோயில் அலுவலகம், கிராம அலுவலர் என்று வரிசையாகக் கேளுங்கள். விதானையார் என்று நாம் இன்னும் அழைக்கும் கிராம அலுவலரின் கைபேசி இலக்கம் ஒவ்வொரு வீட்டிலும், வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடமும் இருக்கவேண்டும்.

அதற்கும் மேலே போகவேண்டுமென்றால் சரியான பிரதேச செயலகத்தைப் பிடிக்கவேண்டும். ஊர்காவற்றுறை, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவை ஊர்காவற்றுறைச் செயலகத்தின் கீழ் வருகின்றன. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, மண்டைதீவு எல்லாம் வேலணைச் செயலகம். நெடுந்தீவுக்கும் காரைநகருக்கும் தனித்தனிச் செயலகங்கள் உண்டு. நாட்டுக்குள் இருந்து 117க்கு அடித்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ். ஆனால் போட் ஓடாத தீவுக்கு அம்புலன்ஸ் வராது. அங்கே நோயாளியைக் கடற்படைப் படகில்தான் கொண்டுவரவேண்டும், அந்த வேண்டுகோள் தீவு வைத்தியசாலை வழியாகப் போனால் விரைவாக நடக்கும்.

2. தீவுக்குள் இருப்பவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போங்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாவை இருபது பேர் தேடுவார்கள். பிள்ளை இல்லாதவரையும், போன் பாவிக்கத் தெரியாதவரையும், உறவோடு கோபித்துக்கொண்டு வளவின் கோடியில் தனியே இருப்பவரையும் தேட ஒருவரும் இல்லை. அவர்களிடம்தான் முதலில் போகவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் சொந்தக்காரர் நலம் என்று தெரிந்ததும் தேடல் முடிந்துவிடவில்லை.

சனசமூக நிலையத்தில் கூடுங்கள். ஒழுங்கைக்கு இரண்டு பேர் போகட்டும், ஒருவர் ஆண், ஒருவர் பெண். தனியே இருக்கும் மூதாட்டி பெடியளிடம் சொல்லாததைப் பெண்ணிடம் சொல்லுவார். ஒரு கொப்பியில் வீட்டுக்கு ஒரு வரி: யார் இருக்கிறார், யாரைக் காணவில்லை, என்ன நோய், என்ன வேண்டும். பார்த்த நேரத்தையும் எழுதுங்கள். கொப்பி ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். கோயில் ஒரு பட்டியல், சங்கம் ஒரு பட்டியல், கட்சி ஒரு பட்டியல் என்று ஆனால் ஒரு வீட்டுக்கு மூன்று பொதி போகும், இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போகாது.

யார் யாருக்கு அவசரம் என்பது ஊரில் சிலருக்கு முன்பே தெரியும். கர்ப்பிணிகளின் விபரம் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கும், பிரசவத் திகதி கிட்டியவர்களை அவரிடம் கேளுங்கள். சலரோகம், பிரஷர் உள்ளவர்களின் கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து வையுங்கள், மருந்து நனைந்துபோனால் அந்தப் படத்தைக் காட்டித்தான் திரும்ப எடுக்கலாம். இன்சுலின் போடுபவர், யாழ்ப்பாணம் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர் ஆகியோரின் பெயர்களை அன்றே பிரதேச செயலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் கொடுத்துவிடவேண்டும்.

நடக்கும்போது அறுந்த மின்கம்பியை மிதிக்காதீர்கள், தேங்கிய தண்ணீருக்குள் கம்பி கிடக்கலாம். கூரைச் சீற்றுகளுக்கும் விறகுக்கும் அடியில் புடையனும் விரியனும் ஒதுங்கியிருக்கும், தடியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். காற்று திடீரென்று முற்றாக நின்று வானம் வெளித்தாலும் உடனே புறப்படவேண்டாம். அது புயலின் கண்ணாக இருந்தால் சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்ப வரும். வானிலை அவதான நிலையத்தின் அறிவிப்பு வரும்வரை பொறுங்கள்.

3. கடற்றொழிலுக்குப் போனவர் திரும்பாவிட்டால்

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் உடனே சொல்லுங்கள். படகின் பதிவு இலக்கம், நிறம், எஞ்சின், எத்தனை பேர், எந்தத் துறையால் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எந்தப் பக்கம் வலை போடும் வழக்கம் என்று அத்தனையும் வேண்டும். கடற்றொழில் திணைக்களத்துக்கும் கடற்படைக்கும் பொலிசுக்கும் ஒரே விபரத்தைக் கொடுங்கள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். காற்று மேற்கே தள்ளினால் படகு இராமேஸ்வரம் பக்கம் ஒதுங்கலாம். அதனால் தமிழகக் கரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று திணைக்களத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

4. குறிகட்டுவான் ஜெற்றியில் கூட்டம் போடாதீர்கள்

சாமான் ஏற்றிக்கொண்டு ஜெற்றிக்கு ஓடிவருவது அன்பினால்தான். ஆனால் புயல் போன பிறகும் கடல் சிலநாள் கொந்தளிக்கும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சேவை தொடங்கும் வரை சிறு வள்ளத்தில் போகவே கூடாது. தொடங்கிய முதல் போட்டில் மருந்தும், வைத்தியரும், மின்சாரசபைக்காரரும், ஜெனரேற்றருக்கு எரிபொருளும் போகட்டும். பழைய உடுப்பு மூட்டைகளை அனுப்பவே வேண்டாம். தார்ப்பாய், கயிறு, மூடியுள்ள தண்ணீர்க் கலன், டோர்ச், பெண்களுக்கான சுகாதாரத் துவாய்கள், குழந்தைகளின் பால்மா இவைதான் உதவும். மற்றதற்குக் காசு அனுப்பினால் தீவுக் கடையே மறுபடி எழும்பும்.

5. கிணற்றை வெறுமையாக்க வேண்டாம்

நல்ல மனத்தோடு செய்யும் பெரிய கெடுதல் இங்கேதான் நடக்கிறது. தீவுகளில் மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டத்தை மோட்டர் வைத்து இறக்க இறக்க, அடியில் இருந்து உவர் எழும்பும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் உதவிக்கு வந்தவர்கள் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். சில இடங்களில் உப்பு கூடத்தான் செய்தது. கடைசியில் கழுவிக் கொடுத்தது மாரி மழைதான்.

செய்யவேண்டியது இவ்வளவே. மிதக்கும் குப்பையை வலையால் அள்ளுங்கள். கடல்நீரோ வெள்ளமோ உள்ளே போயிருந்தால் வாளியால் அல்லது சிறிய மோட்டரால் மெதுவாக ஒருமுறை இறையுங்கள், அடிவரை போகாதீர்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் தாழ்ந்த பக்கத்துக்கு வாய்க்கால் வெட்டி விடுங்கள். இடையிடையே சுவைத்துத் துப்பிப் பாருங்கள், உப்பு கூடினால் உடனே நிறுத்துங்கள்.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் குளோரின் இடுவியுங்கள். தண்ணீரின் அளவை நீங்களே கணக்கிட்டு வைத்தால் அவர் வேலை சுலபம். கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, வரும் எண்ணை 0.785ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கினால் கனமீற்றர் வரும். 2 மீற்றர் விட்டமும் 1.5 மீற்றர் தண்ணீரும் என்றால் 4.7 கனமீற்றர், அதாவது ஏறத்தாழ 4,700 லீற்றர். குளோரின் இட்ட பிறகும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. உவர் ஏறிய வீட்டுக்குப் பவுசர் தண்ணீர் வேண்டும் என்று கொப்பியில் குறியுங்கள். பலர் அள்ளும் நெடுந்தீவுச் சாராப்பிட்டிக் கிணறுகள் போன்றவற்றுக்கு முதலில் காவல் போடுங்கள், வீட்டுக் கிணறு பிறகு.

6. துப்பரவாக்கும் முன் படம் பிடியுங்கள்

கூரை, சுவர், தளபாடம், செத்த ஆடுமாடு எல்லாவற்றையும் திகதியோடு படம் பிடித்து, கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வையுங்கள். டித்வாவுக்குப் பிறகு பாதித்த வீட்டைத் துப்பரவாக்க அரசு 25,000 ரூபா அறிவித்தது. பதியாதவர் அலைந்து திரியவேண்டி வரும். எழுதத் தெரியாதவருக்குச் சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. செத்த மாட்டைக் கிணற்றுக்குத் தூரமாக ஆழப் புதைக்கவேண்டும், அதற்கு முன் காதுப் பட்டி இலக்கத்தைப் படம் எடுங்கள்.

உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் காய்ந்தபடி வெட்டாதீர்கள், அடித்து நொறுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தூக்குங்கள். சேற்றில் இறங்கும்போது சப்பாத்து வேண்டும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பலரைக் கொன்றது. இன்னதென்று தெரியாமல் இருந்து, பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்கவேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. முன்தடுப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

7. பூட்டிக் கிடக்கும் வீடுகள்

புங்குடுதீவில் ஒரு ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு வெளிநாட்டில்தான் சொந்தக்காரர். அந்த வளவுகளில் முறிந்த மரம், திறந்த கிணறு, நுளம்பு பெருகும் தாங்கி எல்லாம் அயலவருக்கு ஆபத்து. அனுமதி இல்லாமல் உள்ளே போக அவர்களுக்கும் தயக்கம். சொந்தக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "புயலுக்குப் பின் இவர் உள்ளே போகலாம், மரம் வெட்டலாம், வீட்டில் ஆட்களைத் தங்கவைக்கலாம்" என்று கையெழுத்திட்ட கடிதத்தின் பிரதி ஒன்றைக் கிராம அலுவலரிடமும், திறப்பை அயலிலும் கொடுத்துவைக்கவேண்டும். கூரை போனவர்களுக்கு அந்த வீடுகளே உடனடிக் கூரை.

கடிதத்தையும் ஒழுங்கைக் கொப்பியையும் வடகீழ்ப் பருவ மழை தொடங்கும் முன், ஒக்டோபர் முதல் வாரத்தில் சரிபாருங்கள். இறந்தவர் பெயரை வெட்டி, புதிதாக வந்தவரை எழுதி, போன் இலக்கங்களுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்து, ஒரு பிரதியை நெகிழி உறையில் போட்டு விதானையாரிடம் கொடுங்கள்.