பரி பேணல்

குதிரையேற்றம் என்றவுடன் பாய்ந்து செல்லும் பரியும் அதன்மேல் நிமிர்ந்திருக்கும் வீரனுமே நம் நினைவுக்கு வருவர். ஆயின், அக்கலையை முறையாகக் கற்பிப்போர் சேணத்திலிருந்து தொடங்குவதில்லை. இங்கிலாந்தில் 1929-ஆம் ஆண்டு தோன்றிய ‘போனி கிளப்’ என்னும் கழகம், சிறுவர் சிறுமியர்க்குக் கோடை விடுமுறையில் முகாம்கள் நடத்தி வருகின்றது. போனி என்பது மட்டக்குதிரை. இத்தகைய முகாமில் குதிரை ஏறுவதோடு, இலாயத்தில் இலத்தி அள்ளுவதும் மாணவர்க்குப் பாடமே.

குதிரையின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. நேர் பின்னால் நிற்பவரை அது காணாது. ஆதலின் மெல்லப் பேசிக்கொண்டே தோட்பக்கமாக அணுகுதல் வேண்டும். உடலைத் தேய்த்துத் தூய்மை செய்யாமல் சேணம் பூட்டினால், அடியிற்பட்ட மணல் உறுத்திப் புண்ணாக்கும். குளம்பின் பள்ளத்தில் சிக்கிய சிறு கல்லும் குதிரையை நொண்டச் செய்யும். குளம்பு நம் நகம்போல் வளர்வது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை இலாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவுவர்.

உணவில்தான் பெருங்கவனம் வேண்டும். குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது. அது நாளெல்லாம் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கே அமைந்த விலங்கு. மாட்டைப்போல் அசைபோடாது, உண்டதைக் கக்கவும் இயலாது. அளவுக்கு மிஞ்சித் தானியம் தின்றால் வயிற்றுவலி கண்டு மடிதலும் உண்டு. குளம்பினுள் அழற்சி தோன்றி நடக்கவொண்ணாது போதலும் உண்டு. நம் நாட்டார் விரும்பிக் கொடுக்கும் கொள்ளும் அளவோடுதான் நன்மை தரும்.

இவ்வறிவு இல்லாவிடின் நேர்வது என்ன? கடல்வழியே குதிரைகள் வந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பிற்காலப் பாண்டியர் காலத்தில் அவ்வாணிகம் மிகப் பெருகியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சவில்லை என்றும் எழுதியுள்ளார். வழிப்போக்கர் கணக்கில் மிகை இருத்தல் கூடும். எனினும் அவர் காட்டும் காரணம் நம்பத்தக்கதே. புல் தின்னும் விலங்குக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தனராம்; நோய் தீர்க்க வல்லாரும் இலராம். குதிரைப் பாகர்க்கு வாதுவர் என்று தனிப்பெயரே வழங்கிய நாட்டில் இது நிகழ்ந்தது வியப்பே! குதிரை விற்ற அயல்நாட்டு வணிகரோ, அவற்றைப் பேணத் தெரிந்த எவரையும் இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்கிறார் அவர். வாங்கிய குதிரைகள் பிழைத்துவிட்டால் மறு ஆண்டு அவர்கள் யாரிடம் விற்பது?