பாம்புக்கடியும் பிள்ளையின் தலைக்காயமும்: முதல் ஒரு நாள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழைக்கு லயத்தை விட்டு இறங்கிய நீங்கள், இப்போது திரும்பி வந்து துப்புரவு வேலை தொடங்கியிருப்பீர்கள். ஆளில்லாமல் கிடந்த காம்பராவில் எலி சேர்ந்திருக்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். விழுந்து கிடக்கும் தகரம், விறகு, கல் எதையும் கையால் புரட்டாமல், முதலில் நீண்ட தடியால் கிளறுங்கள்.

தேயிலைச் செடியின் அடியிலும் சருகிலும் கிடக்கும் ஒரு சிறிய மண்ணிற விரியனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூக்கு நுனி மேல்நோக்கி இருக்கும். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கடித்த இடம் வீங்கி வலிக்கும். ஆள் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். ஆனால் சிலருக்குப் பிறகு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். இலங்கை வைத்தியசாலைகளில் உள்ள இந்திய விஷமுறிவு ஊசி நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றுக்கு உரியது. இந்த விரியனின் விஷத்தை முறிக்காது. "ஊசியே இல்லையாம், பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி இல்லாததால்தான் ஆஸ்பத்திரி இன்னும் அவசியம். இரத்தம் உறைகிறதா, சிறுநீர் போகிறதா என்று அங்கேதான் தொடர்ந்து பார்க்க முடியும். எந்தப் பாம்பு கடித்தது என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

கடித்தவுடன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்க விடாதீர்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், டிஸ்பிரின் கொடுக்காதீர்கள். பாம்பை அடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். தூரத்திலிருந்து போனில் படம் எடுத்தால் போதும்.

சரிந்த மண்மேடும் உடைந்த கல்கட்டும் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம். விழுந்த பிள்ளை அழுது முடித்து மறுபடி ஓடினாலும், ஒரு நாள் முழுக்கப் பார்த்திருங்கள். தூங்க விடலாம், இரவில் சில தடவை எழுப்பிப் பாருங்கள். சிறிது நேரமாவது நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீர் போன்றதோ வடிந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

இரண்டுக்கும் அழைக்க வேண்டியது 1990, சுவசெரிய அம்பியூலன்ஸ். பணம் கேட்கமாட்டார்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், பிரதான வீதியில் திரும்பும் இடம் இரண்டையும் சொல்லுங்கள். மேல் லயங்களுக்கு வண்டி ஏறாது. யாருடைய ஆட்டோவில், எந்தச் சந்திவரை இறக்குவது என்று அயல் வீட்டாருடன் இந்த வாரமே பேசி வையுங்கள்.