தொப்பி பின்னிய கைதி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நேசித்த அவன் செய்தது சரியா பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நீயும் அதைக் கேட்கவில்லை. "இதற்கு முதல் இருந்த நான் எங்கே போனேன், ஸேர்?" என்றுதான் கேட்டிருக்கிறாய். பாட்டு வகுப்பை விட்டுவிட்டாய், சிநேகிதிகளோடு கதைப்பதில்லை, கம்பஸ் கன்டீனில் இன்னும் அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைத்தான் வாங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். அந்தச் சாப்பாட்டு வரியில் நான் நின்றுவிட்டேன். பிறகு அதற்கு வருகிறேன்.

இந்த மாதிரிக் கேள்விக்கு ஊரில் பதில்கள் ஆயத்தமாக இருக்கும். காலம் ஆற்றும் என்பார்கள். கதிர்காமத்துக்கு நேர்த்தி வை என்பார்கள். அம்மா அடுத்த சம்பந்தம் பார்க்கத் தொடங்குவா. எல்லாம் அன்பில் சொல்வதுதான், கோபிக்காதே. நான் உனக்குச் சொல்லப்போவது, நீ படிக்கிற பேராதனைக்குக் கிட்ட, உடுநுவரப் பக்கம் எலதத்த என்ற ஊரில் பல வருடம் இருந்த ஒரு மனிதரைப் பற்றி. ரொபர்ட் நொக்ஸ். சோதனைக்காக "1681இல் இலங்கை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர்" என்று மனப்பாடம் செய்திருப்பாய். நாங்களும் அப்படித்தான் சொல்லித் தருகிறோம். அந்த ஒரு வரியில் ஆள் செத்துப்போகிறான்.

அவர் கண்டிக்கு வந்தது அதிகாரியாக அல்ல, கைதியாக. தகப்பன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். 'ஆன்' என்ற கப்பலின் கப்டன். மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரத்தை இழந்த கப்பல், 1660இல் அதைச் சரிசெய்துகொள்ளக் கொட்டியார்க் குடாவுக்கு, அதாவது இன்றைய மூதூர்ப் பக்கம், வந்தது. இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் கரையில் இறங்கியவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. கப்பலுக்குப் போய்ச் செய்தி சொல்லிவிட்டு வா என்று அவரை அனுப்பினார்கள். அவர் போனார். கப்பலிலேயே நின்றிருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. திரும்பி வருவேன் என்று தகப்பனுக்குச் சொல்லியிருந்தார், அதனால் வந்தார்.

மகள், இந்த இடத்தை மறந்துவிடாதே. அவர் அகப்பட்டது ஏமாளித்தனத்தால் அல்ல, பாசத்தால். நீ உன்னை "முட்டாள்" என்று உன் கடிதம் முழுக்கத் திட்டியிருக்கிறாய். அந்தச் சொல்லை முதலில் எடுத்துவிடு.

மன்னர் அவர்களைச் சிறையில் போடவில்லை. ஊர் ஊராகப் பிரித்து வைத்தார். சாப்பாடு போடுவது அந்தந்த ஊர்க்காரர் பொறுப்பு. தகப்பனையும் மகனையும் இன்றைய குருநாகல் மாவட்டத்து பண்டார கொஸ்வத்தையில் விட்டார்கள். இருவருக்கும் காய்ச்சல். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்து 1661 பெப்ரவரி 9ஆம் திகதி தகப்பன் இறந்தார். மகனுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்த ஒரு பையன்தான் துணை. உதவி கேட்டபோது ஊரார் கொண்டுவந்தது மாடு கட்டுகிற தடித்த கயிறு: கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துவிடலாம் என்று. அந்நியன் பிணத்தைத் தொடுவதில் அவர்களுக்கு இருந்த தயக்கத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். தகப்பனைப் பறிகொடுத்த மகனுக்கு அது எப்படி விளங்கும்? கையிலிருந்த கொஞ்சக் காசைக் கொடுத்து ஓர் ஆளைப் பிடித்து, பையனையும் சேர்த்துக்கொண்டு அடக்கம் செய்தார்.

அதன் பிறகு அவர் வீரமாக எழுந்து நின்றார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. காய்ச்சல் விடவில்லை, அழுதார், தனியே திரிந்தார். கையில் இரண்டு ஆங்கிலப் பக்தி நூல்கள் இருந்தன. அவை மனப்பாடமாகும் வரை வாசித்தார். மற்ற நேரம் தூண்டில் போட்டு மீன் பிடித்தார். நீ இப்போது செய்கிற, உனக்கே வெட்கமாக இருக்கிற ஒன்றும் செய்யாத நாட்கள் அவருக்கும் இருந்தன. அவற்றைச் சோம்பல் என்று நான் எண்ணவில்லை.

ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த வழியால் ஒரு முதியவர் போனார். உன் எஜமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று பையனிடம் கேட்டார். அவர் கையில் ஆங்கில பைபிள். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த புத்தகம். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இருந்த ஒரே பொற்காசையும் கொடுத்து வாங்க நொக்ஸ் துடித்தார். பையன்தான் தடுத்தான்: அவசரப்படாதீர்கள், வேண்டாதது போல இருங்கள், நான் மலிவாக வாங்கித் தருகிறேன் என்று. கடைசியில் விலை ஒரு பின்னல் தொப்பி.

நொக்ஸ் இதை இறைவனின் அற்புதம் என்று எழுதினார். நம்புகிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளலாம். நான் பார்ப்பது இதை: துன்பம் வருவதற்கு முன்பே அவருக்குச் சொந்தமாயிருந்த ஒன்று, துன்பத்துக்குள்ளும் அவரிடம் வந்து சேர்ந்தது. தாய்மொழியில் ஒரு பக்கம். தான் யார் என்று உள்ளே தோண்டிப் பார்த்து அவர் கண்டுபிடிக்கவில்லை. முன்பு கை பழகிய ஒன்றைக் கை திரும்பவும் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே நீ "உண்மையான நான் யார்" என்று இரவிரவாக யோசிப்பதை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். அவனைச் சந்திப்பதற்கு முன்பு, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் நீ செய்த ஒரு காரியத்தை எடு. பாட்டு என்றால் பாட்டு. வகுப்புக்குப் போக மனமில்லையா, றூமில் சும்மா முணுமுணு. பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கொஞ்ச நாள் பிடிக்காமலே செய்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஊரார் நொக்ஸுக்குச் சமைத்த சோற்றைக் கொண்டுவந்து தந்தார்கள். தருவதை, தரும்போது சாப்பிட வேண்டும். மற்ற ஊர்களில் இருந்த அவருடைய நாட்டவர் அரிசியாகவே கேட்டு வாங்குகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டார். தனக்கும் அப்படித் தா என்றார். ஊரார் மறுத்தார்கள். கண்டி நகருக்கே போய் அதிகாரிகளிடம் முறையிட்டு உத்தரவு வாங்கி வந்தார். நினைத்துப் பார்: தகப்பன் இல்லை, நாடு இல்லை, போக வழி இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வழக்குப் பேசப் போகிறார், எதற்கு? சோற்றுக்குப் பதில் அரிசிக்கு. ஆனால் என்ன, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பது அன்றிலிருந்து அவர் கையில். மிச்சம் பிடிக்கலாம், விற்கலாம். பின்னாளில் நெல்லை வட்டிக்குக் கொடுக்கிற அளவுக்கு ஆள் தேறிவிட்டார்! நீ நாளைக்குக் கன்டீனில் உனக்கு வேண்டியதைச் சொல்லி வாங்கு. உனக்கு என்ன பிடிக்கும் என்று மறந்துபோயிருந்தால், ஒவ்வொன்றாக வாங்கிப் பார்.

நொக்ஸ் பல இடம் மாற்றப்பட்டார். கடைசியில் எலதத்தவில் ஒரு காணி வாங்கினார், விலை 25 லாரின், அந்தக் காலத்துக் கொக்கி வடிவ வெள்ளிக்காசு. நான்கு ஆங்கிலேயர் சேர்ந்து அங்கே வீடு கட்டினார்கள். கோழியும் பன்றியும் வளர்த்தார்கள், தொப்பி பின்னினார்கள். மற்றைய கைதிகள் பலர் உள்ளூரில் பெண் எடுத்தார்கள். அவர் மட்டும் பிடிவாதமாக எடுக்கவில்லை. குடும்பமாகிவிட்டால் தப்பிப் போக மனம் வராது என்ற பயம். இதைப் படித்துவிட்டு இனி யாரையும் நம்ப மாட்டேன் என்று நீ சபதம் எடுக்கக் கூடாது. அவரே ஒரு சக கைதியின் குழந்தையை, லூசியா என்ற சிறுமியை, அந்த வீட்டில் வளர்த்தார். கதவை முழுக்க அடைத்தவர் அல்ல. அரசனின் பணிக்கு அழைப்பு வந்தபோதும் நழுவி எலதத்தவுக்கே வந்துவிட்டார். அரண்மனைச் சேவையில் ஏறியவர்கள் பலர் உயிரை இழந்து முடிந்ததை அவர் அறிந்தவர்.

தப்பிப்பதற்கு அவர் எடுத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓடவில்லை. ஸ்டீபன் ரட்லண்ட் என்ற நண்பரோடு தலையில் பொதியைத் தூக்கிக்கொண்டு, தொப்பி முதலான சாமான்களை ஊர் ஊராக விற்கப் போனார். வடக்கே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூரம். தண்ணீர் எங்கே, காவல் எங்கே, எந்த ஊரில் யார் எதைக் கேட்பார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மழை பொய்த்தது, காய்ச்சல் வந்தது, பாதி வழியில் திரும்ப வேண்டியிருந்தது. வருடங்கள் போயின. பார்க்கிறவனுக்கு அது வெறும் வியாபாரம். 1679 செப்டெம்பரில் புறப்பட்டபோதுதான் இருவரும் திரும்பவில்லை. அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவை, நாம் அருவியாறு என்கிறோமே அதை, ஒட்டி யானைக் காட்டுக்குள்ளால் நடந்து, வன்னியில் தமிழ் பேசுகிறவர்களிடையே வந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

நீ பழையபடி ஆக வேண்டும் என்கிறாய். அவர் பழையபடி ஆனாரா? மன்னாரில் ஒல்லாந்தர் மேசை போட்டு, சீனப் பீங்கானில் உணவு பரிமாறியபோது, கதிரையில் இருப்பதே அவருக்கு விசித்திரமாக இருந்ததாம். போனவன் 19 வயதுப் பையன், வந்தவர் நாற்பதை எட்டுகிற, தாடி வளர்ந்த, வெறுங்காலில் நடந்து பழகிய, சிங்களம் பேசுகிற ஆள். அந்தப் பையனைத் தேடியிருந்தால் எங்கும் கிடைத்திருக்க மாட்டான். ஆனால் வாசிப்பு இருந்தது, சொன்ன சொல்லுக்கு நிற்கும் குணம் இருந்தது, பின்னக் கற்ற கை இருந்தது. பின்னல், பார், கண்டியில் கற்றது. துன்பம் கொடுத்ததும் இப்போது அவருடையதுதான்.

ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். ஊர் சேர்ந்த அடுத்த வருடம், 1681இல், நூல் வெளியானது. பிறகும் விடவில்லை, அச்சான பிரதியின் இடையே தாள் சேர்த்துப் பல வருடம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புகள் அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகுதான் அச்சேறின. எழுதுவது பற்றி நம் காலத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வைத்தியரிடம் போனார்கள். பிறகு செய்த ஆய்வுகளில் பலன் எல்லோருக்கும் ஒரேயளவாகக் கிடைக்கவில்லை. அதனால் இதை மருந்தென்று சொல்லமாட்டேன். எனக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டாயே, பாதி வேலை முடிந்தது. ஆனால் அவனுக்கு அனுப்புவதற்கென்று ஒன்றையும் எழுதாதே.

இங்கே நிறுத்தினால் உனக்கு நொக்ஸ் ஒரு மகானாகத் தெரிவார். அது நியாயமில்லை. லண்டன் திரும்பியவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கப்பலுக்குக் கப்டனாக்கியது. அந்தக் கப்பலில் அவர் மடகாஸ்கருக்குப் போய் அடிமைகளை வாங்கினார். சிறைப்பட்டிருந்த வலி என்னவென்று பத்தொன்பது வருடம் அறிந்தவர், வேறு மனிதர்களைக் கட்டி ஏற்றினார். எனக்கு இது வாசித்த நாளிலிருந்து உறுத்துகிறது. வலி ஒருவரை நல்லவராக்கும் என்று மேடையில் பேசுகிறார்கள். நான் அப்படிக் கண்டதில்லை. நீயும் கவனி: காயப்பட்டவள் என்ற உரிமையில் உன் றூம்மேட்டிடம் எரிந்து விழுந்ததை நீயே எழுதியிருக்கிறாய். அவளிடம் போய்க் கதை.

அந்தப் பரங்கிப்பேட்டைப் பையனையும் நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்ப் பிள்ளையாக இருந்திருக்கலாம். எஜமானே கைதியானபின் இனி எனக்கென்ன கட்டளை என்று அவன் சொற்கேளாமல் நடந்தான் என நொக்ஸ் குறைப்படுகிறார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். நூலில் அவன் வெறும் "பையன்". அவன் எதை இழந்தான், எங்கே போக ஆசைப்பட்டான் என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

இனி நடைமுறை விஷயம். நித்திரை வாரக்கணக்கில் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், என் கடிதத்தை நம்பி இருக்காதே. 1926க்கு அழைத்துப் பேசு, அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண். சுமித்ரயோ என்ற அமைப்பு 1974இலிருந்து இந்த நாட்டில் மனம் உடைந்தவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறது. கண்டியிலும் அதற்கு இடம் உண்டு. கம்பஸிலும் மாணவருக்கு ஆலோசகர்கள் இருப்பார்கள், விசாரி. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு பனடோல் போடுகிறோம் தானே. அமைதியாக இருக்க வேண்டுமென்றால் நிலம்பேயில் தியான நிலையம் இருக்கிறது. போவதென்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போ, கம்பளிச் சால்வையும் எடுத்துக்கொள். இரவில் குளிர் பொல்லாதது.

நொக்ஸின் நூல் நான்கு பாகம். முதல் மூன்றும் நாடு, அரசன், மக்கள், சோதனைக்கு உதவும். நீ நான்காம் பாகத்தை எடு, அதுதான் அவர் சொந்தக் கதை. பழைய ஆங்கிலம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சத்தமாக வாசித்தால் இளகும். கண்டியில் டி. எஸ். சேனநாயக்க நூலகத்தில் கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் எனக்கு ஒரு வரி எழுது, என் பிரதியை அனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலால் நான் சண்டை போட்டிருப்பேன், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
உன் ஸேர்